கோச்சை

காலையில் எழுந்தான். கிணற்றில் இரண்டு வாளி இறைத்துக் குளித்தான். பழைய சோற்றில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்தான். கதவைப் பூட்டிச் சாவியை அம்மிக்கல்லின் அடியில் வைத்தான். அந்த இடம் மனைவி சாலம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மாசியில் இறந்துபோனாள். அருணகிரி சாவியை இன்னும் அங்கேதான் வைத்துக்கொண்டிருந்தான்.

கரியில் ஓடும் யுத்தகாலத்து பஸ் புகையைக் கக்கியபடி அவனை எருமப்பட்டியில் இறக்கிவிட்டது. இளவட்டங்கள் ஏன் கத்தி எடுக்கிறார்கள், எப்படித் தடுப்பது என்று விசாரித்து எழுதித் தரச் சேலத்துச் சங்கம் ஒன்று பி.ஏ. படித்த அவனை அனுப்பியிருந்தது. அந்தப் பக்கத்துக் குத்துவெட்டெல்லாம் பெரும்பாலும் சேவற்கட்டு முடிந்த கையோடு நடந்தவை. ஆகவே நேரே சேவற்கட்டுக்குப் போனான்.

ஆட்டம் முடிந்து ஆட்கள் புளியமரத்தடியில் நின்றிருந்தார்கள். "கோச்சை, கோச்சை" என்று அங்கே ஒரே பேச்சு. ஆத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் புதிது. தோற்றவனை அப்படிச் சொல்வார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டான். சேவலைப் பறிகொடுத்து வெறுங்கையோடு ஒதுங்கி நின்ற நாச்சிமுத்து என்ற இளவட்டத்திடம் போய் மரியாதையாகத்தான் கேட்டான்.

"இன்னிக்குக் கோச்சை நீங்கதானுங்களா?"

கூட்டம் முழுதும் திரும்பிப் பார்த்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஆமாங்க, அவனேதான்," என்றான் ஜெயித்த காளியண்ணன். "கறிதான் கொஞ்சம் முத்தலுங்க."

கோச்சை என்பது தோற்றுச் செத்த சேவல். ஜெயித்தவன் குழம்புக்கு எடுத்துப்போவது. நாச்சிமுத்து அருணகிரியின் முகத்தை நிதானமாகப் பார்த்தான். பிறகு வேலியோரமாக வீட்டுப் பக்கம் நடந்தான்.

பஸ் அந்திக்குத்தான். ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அருணகிரியின் பக்கத்தில் நிற்க யாரும் விரும்பவில்லை. சாலம்மாளோடு பயமும் போய்விட்டதென்று நினைத்திருந்தான். இப்போது கால்கள் அவனைப் புளியமரத்தின் பின்னால் கொண்டுபோய் உட்கார்த்திவைத்தன. அவனைக் கேட்காமலே உடம்பு பிழைத்திருக்க ஆசைப்பட்டது.

வயதான ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். நாச்சிமுத்துவின் தாய் பழனியம்மாள்.

"ஏனுங்க, என்ற பையனைக் கோச்சைன்னது நீங்கதானுங்களா?"

"அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேம்மா."

"கத்தி தீட்டறான். எந்திரிச்சு ஊட்டுக்கு வாங்க."

"அங்கேயா?"

"அங்கதானுங்க. எங்கூட்டுச் சோத்துல கை வெச்சவங்க மேல அவன் கை வெக்கமாட்டான். வெரசா நடங்க."

வீட்டின் பின்புறம் கல்லில் இரும்பு உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பழனியம்மாள் வட்டிலில் களியைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அருணகிரி ஒரு கவளம் எடுத்தான். உரசும் சத்தம் நின்றது. வாசல் இருண்டது.

"ஒரம்பரை வந்திருக்குது சாமி," என்றாள் அவள், தலை நிமிராமல். "கையைக் கழுவீட்டு நீயும் உக்கோரு."

ஒரம்பரை. உறவு. இந்தச் சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நாச்சிமுத்து வட்டிலைப் பார்த்தான். அருணகிரியின் விரல்களில் ஒட்டியிருந்த களியைப் பார்த்தான். பிறகு கத்தியைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"உப்புப் பத்துமுங்களா?" என்றான்.

அருணகிரி தலையை ஆட்டினான்.

பழனியம்மாள் பஸ்வரை கூடவே வந்தாள்.

"இதைச் சங்கத்துக்கு எழுதறேம்மா. இப்படியும் தடுக்கலாம்னு எழுதறேன்."

பஸ் நகரும்போது அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுங்க சாமி. நாளைக்குக் காளியண்ணன் எம்பையனைக் கோச்சைன்னு கூப்புடுவான். அந்தக் காளியண்ணன் எங்கூட்டுக்குச் சாப்புட வரமாட்டானுங்க."