திரைச்சீலை அப்படியே இருக்கட்டும்

எங்கள் வீட்டு ஓனருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் தொங்குகிற கொத்து குலுங்கி, ஆள் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வந்துவிடும். வாடகைத் தேதியில் தவறாமல் வரும் அந்தச் சத்தம், குழாய் ஒழுகிய நாட்களில் ஒருமுறைகூட வந்ததில்லை.

அந்த வீட்டை முதலில் பார்த்தபோது என் கணவரே, "வேற பாக்கலாமா?" என்றார். பட்டப்பகலிலும் முன்னறையில் விளக்குப் போட வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டின் கறுத்த சுவர். நானோ துணி தைக்கிறவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட வேண்டியவளுக்கு அந்த அறை எந்த லட்சணத்தில் உதவும்? ஆனாலும் எங்கள் சக்திக்கு அதுதான் கிடைத்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். "அக்கா, உங்க சுவருக்கு நான் வெள்ளையடிச்சுக்கட்டுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் சுவருக்கு நீ எதுக்கும்மா அடிக்கணும்?"

"அந்தப் பக்கம் நீங்க பாக்கறதே இல்லையே. நான்தானே தினமும் பாக்கறேன்."

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரி என்றார். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஏணி போட்டு நானே அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தேன். அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அறைக்குள் இதமாக விழும். உடை போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடியை அதற்கு நேராக நிறுத்தினேன். அங்கே வந்து நின்றவர்கள் எல்லோருக்கும் தங்களைப் பிடித்தது.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கோத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்தேன். அதில் ஒரு நர்சின் கோட்டு வெள்ளை இருந்தது, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடையின் நீலம் இருந்தது, என் மகள் முதல்நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையின் பச்சையும் இருந்தது. உடைந்த கட்டிலை அறுத்து என் கணவர் நூல்கண்டுகளுக்கு ஒரு தட்டு செய்து கொடுத்தார். நல்ல கோப்பைகளை விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைக்காமல் நாங்களே தினமும் அவற்றில் டீ குடித்தோம். காலையில் மெஷின் முன் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தால்தான் எனக்குக் கை ஓடும்.

சாவிக்கொத்தின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மருமகளாக வரப்போகிறவள் தன் கல்யாண உடையை அளவு பார்க்க என்னிடம் வந்தாள். கண்ணாடி முன் நின்றவள் நகரவே இல்லை. "அக்கா, இங்க நான் எவ்ளோ நல்லா இருக்கேன்!" என்றாள். பிறகு திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள். "எல்லாத்தையும் எவ்ளோ அழகா வச்சிருக்கீங்க!" எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல கோப்பையில் டீ போட்டுக் கொடுத்து அடுக்களை வரை சுற்றிக் காட்டினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வாரம் சாவிக்கொத்து குலுங்கியது.

"பையன் தனிக்குடித்தனம் போகணும்ங்கறான். அந்தப் பொண்ணு இந்த வீடுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்தத் திரைச்சீலை, கண்ணாடி, நூல் தட்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதைப் பாத்துத்தான் அந்தப் பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு. ஏதாவது காசு போட்டுக் குடுத்துடறேன்."

"அதுல என் மக சட்டை இருக்கு."

"அட, துண்டுத் துணிதானேம்மா! சும்மா இருக்கற நேரத்துல தச்சதுதானே."

சும்மா இருக்கிற நேரமாம்! ஊரார் துணியைத் தைத்து முடித்து, சமைத்து, துவைத்து, கண் எரிய எரிய நான் கோத்தது இந்த மனுஷனுக்குச் சும்மா இருந்ததாகத் தெரிகிறது. அந்த வீட்டுக்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதவர் அவர்.

"விடு. வாடகை வீடுதானே," என்றார் என் கணவர்.

"வீடு வாடகைதான். இதுக்குள்ள நான் உக்காந்து கழிச்ச நாளெல்லாம் யாரோடது? அதுவும் வாடகையா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எதற்கும் குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

கல்யாண உடையை ஒரு குறையும் இல்லாமல் தைத்துக் கொடுத்தேன். கோபத்தைத் துணியில் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. மழை வந்தது, நின்றது. ஏணியை நான் எடுக்கவில்லை.

காலி செய்கிற அன்று என் கணவர் விடிந்ததுமே ஸ்குரூ டிரைவரும் கையுமாக நின்றார். தட்டைக் கழற்றினார், திரைச்சீலைக் கம்பியைக் கழற்றினார், கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டுகிற கொக்கியையும் விடவில்லை. நாங்கள் அடித்த கடைசி ஆணியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுது," என்றார். அவர் மேல் இருந்த கோபம் அப்போதுதான் போனது.

சாவியை வாங்க ஓனர் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர்ச்சுவரில் பாசி கறுத்துக் கிடந்தது. உள்ளே வந்தவர் சுவிட்சைத் தேடித் தடவினார்.

"என்னம்மா இது? வீட்டை இப்படிப் பாழாக்கிட்டீங்க?"

"நீங்க எனக்குக் குடுத்த வீடு இதுதான். நல்லா பாத்துக்கோங்க. இத்தனை நாளா நீங்க பாத்தது என் வீடு."

அந்தப் பெண் கண்ணாடி இருந்த இடத்தில் போய் நின்று வெறும் சுவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது நிஜம்தான். எனக்கு மனசு இளகவில்லை, அதுவும் நிஜம்தான்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாம கேட்டுட்டேன் அக்கா. தப்பா நினைச்சுக்காதீங்க. புது வீட்டை நீங்க எப்படி வச்சிருக்கீங்கன்னு ஒரு நாள் வந்து பாக்கட்டுமா?"

கையை விடுவித்துக்கொண்டேன்.

"வேண்டாம்மா. பாத்தா உனக்கு அதுவும் பிடிச்சுப்போயிடும்."