தூண் மேல் நின்ற தொலைநோக்கி

மறுபடியும் நட்சத்திரங்கள் குதித்தன.

மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த கடைசல் பட்டறைக்காரன் மடிக்கணினித் திரையை முறைத்தான். தொலைநோக்கி அனுப்புவது மூன்று நிமிடத்துக்கு ஒரு படம். இருபது படம் வரை ஆணி அடித்த மாதிரி நின்ற நட்சத்திரங்கள், இருபத்தொன்றாவதில் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தன. போனவை திரும்பி வரவும் இல்லை. பட்டறையில் அவனுக்குப் பெயரே 'அரைநூல்'. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி பிசகினாலும் வேலையைத் தூக்கி எறிகிற ஆள். அப்பேர்ப்பட்டவனுக்கு ஐந்து நாளாகத் தூக்கம் இல்லை.

முதல் நாள் ஒயர் மேல் பழியைப் போட்டான். தொங்கி இழுக்கிறதோ என்று எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டினான். அடுத்த நாள் உள்ளிருக்கும் கண்ணாடி சரிகிறது என்று அதன் திருகுகளை முறுக்கினான். காற்றுக்கு மறைப்பு வைத்தான். மாடிப்பக்கம் யாரும் வரக்கூடாது என்று மனைவி மேல் எரிந்து விழுந்தான்.

"ஆமா, நான் நடந்துதான் உங்க வானம் ஆடுது," என்றாள் அவள். "பேசாம அந்தக் குழாயையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

இன்று தொலைநோக்கிக் குழாயைக் கிழக்கே பார்க்க வைத்தான், மேற்கே பார்க்க வைத்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரிவு தெருப்பக்கமே இருந்தது. அப்படியென்றால் கோளாறு குழாயில் இல்லை. அது நிற்கிற இரும்புக் காலில். அந்தக் காலை அவனே கடைந்து, நடக்கிற அதிர்வு ஏறக்கூடாதென்று, வீட்டின் முன்தூண் உச்சியிலேயே போல்ட் போட்டு நிறுத்தியிருந்தான். அதன் தலையில் ரசமட்டத்தை வைத்தான். மாட்டிய அன்று குமிழி நட்டநடுவில் நின்றது. இப்போது இரண்டு கோடு தள்ளி நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கோட்டைத் தொட்டது.

காற்று இல்லை. யாரும் நடக்கவும் இல்லை.

அப்படியென்றால் சாய்வது தூண். முன்தூணின் அடி, தரைத்தளத்தில், மனைவியின் தம்பி நடத்தும் கார் ஷெட்டில் இருந்தது. பத்து நாள் முன்பு பெரிய வண்டி ஒன்று வாசலில் நுழையவில்லை. "ஒரு அங்குலம் இடிக்குது மாமா," என்று மச்சான் வந்து நின்றான். பூச்சு மட்டும்தானே என்று இவன்தான் தூணில் சாக்பீஸால் கோடு போட்டான், வெட்டுகிற மெஷினையும் கொடுத்தான். வெட்டியதைப் போய்ப் பார்க்கவில்லை. அரைநூலுக்கு அலறுகிறவன், அதை மட்டும் போய்ப் பார்க்கவில்லை.

படியில் விழுந்தடித்து இறங்கி மனைவியை உலுக்கினான்.

"பிள்ளைங்களத் தூக்கிட்டுத் தெருவுக்கு ஓடு."

"திருடனா?"

"வீடு சாயுதுடி!"

அவன் முகத்தைப் பார்த்தவள் இரண்டு பெண்களையும் அள்ளிக்கொண்டாள். முதல் மாடியில் குடியிருக்கும் தையல்காரரின் கதவை அவன் எட்டி உதைத்தான்.

"என்னய்யா, நட்சத்திரம் விழுதா?" என்று கண்ணைக் கசக்கினார் அவர்.

"நாமதான் விழப்போறோம். வீட்டம்மாவக் கூட்டிட்டு இறங்குங்க!"

ஷெட்டில் மச்சான் கார் சீட்டில் சுருண்டு கிடந்தான். தூணைச் சுற்றிப் பளபளவென்று பிளைவுட் அடித்திருந்தான். கடப்பாரையால் நெம்பியதும் பலகை தானே தெறித்து விழுந்தது. நான்கு அங்குலம் குடைந்திருந்தது. நாலு கம்பியில் இரண்டு இல்லை. மிச்சம் இரண்டும் வில்லாக வளைந்து நின்றன. சிமெண்ட் பொடி சரசரவென்று கொட்டிக்கொண்டே இருந்தது.

"பூச்சு எடுத்தும் வண்டி நுழையல மாமா... ரெண்டு கம்பிதான்..." மச்சான் சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

"வெளிய வாடா!"

எதிர்ச் சுவர் ஓரம் எல்லோரும் வந்து நின்றார்கள். பெண்கள், மனைவி, தையல்காரர், அவர் மனைவி, மச்சான். அவன் திரும்பத் திரும்ப எண்ணினான். ஆறு பேரும் இருந்தார்கள். திடீரென்று மச்சான் ஷெட்டைப் பார்த்துப் பாய்ந்தான்.

"கஸ்டமர் வண்டி மாமா! ரெண்டே நிமிஷம்!"

இவன் மச்சானின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான். மச்சான் உதறினான், திட்டினான், கையைக் கடித்தான். பிடி தளரவில்லை.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். கனமாக எதுவும் விழவில்லை. முதல் மாடி ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது, அடுத்து இன்னொன்று. பிறகு வீட்டின் முன்பக்கம், ஒரு கிழவர் உட்காருகிற மாதிரி, மெதுவாக ஷெட்டின் மேல் உட்கார்ந்தது. புழுதி தெருவை மூடியது. சின்னவள் வீறிட்டாள்.

புழுதிக்குள்ளிருந்து மனைவியின் குரல்தான் முதலில் வந்தது.

"யாருடா உன்னைத் தூணை வெட்டச் சொன்னது?"

மச்சானின் சட்டைக் காலர் இன்னும் இவன் கையில்தான் இருந்தது.

"கோடு போட்டது நான்," என்றான் கடைசல் பட்டறைக்காரன்.