நான்காம் அட்டையில் ஐந்து துளை

1

இந்தக் கதை ஓர் எவர்சில்வர் தூக்குவாளியிலிருந்து வந்தது. மூடியில் ‘முதல் பரிசு, 1995’ என்று வெட்டியிருக்கும். என் மனைவி சித்ரலேகா அதில்தான் தினமும் ரசம் கொடுத்துவிடுகிறாள். நான்கு வருஷமாக அந்த ரசம் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘தாமிரபரணியில் வெள்ளம் வடிந்த ஒரு காலையில் போலீஸ்காரர் தில்லைநாயகம்…’

வேண்டாம். ஆற்றுக்கும் அவர் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: ‘சவரம் செய்யும்போது இடது கண்ணில் சோப்பு நுரை பட்டது. மூடினார். எதிரே இருந்த கண்ணாடியைக் காணவில்லை.’

இது இருக்கட்டும். (இப்படித்தான் தெரியவந்ததா என்று எனக்குத் தெரியாது. வலது கண் பார்வை போனது மட்டும் நிஜம்.)

2

ஆயுதப்படையில் நானும் அவரும் ஒரே கம்பெனி. கண் விஷயம் வெளியே தெரிந்தால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு தபால் சுமக்க விட்டுவிடுவார்கள். தில்லைநாயகத்துக்கு அந்த 303 ரைபிளை விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. மனைவி கோமு ஏரலில் டீச்சர். பிணங்கிப் போனவள், திரும்பவில்லை. அவர் சேரன்மகாதேவியில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். கண் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பூட்டிய வீட்டுக்குள் குடையை இடது தோளில் வைத்து, சுவரில் ஒட்டிய பொட்டைக் குறிபார்த்துப் பழகினார் என்று ஒரு பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தது, அந்த வருஷத்து ஃபயரிங் போட்டியில் அவர் இடது கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்துப் படுத்ததை. 303-க்கு, குண்டு ஏற்றும் போல்ட் வலது பக்கம். ஒவ்வொரு குண்டுக்கும், தாங்கிப் பிடித்த வலது கையை எடுத்து போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடியும் தாங்க வேண்டும். பிறந்ததிலிருந்தே அப்படிச் சுடுகிறவர் மாதிரி செய்தார்.

“ஏலே தில்லை, என்னல இடது தோள்ல வச்சிருக்க?” என்றார் பலவேசம் ஏட்டையா.

“வலது தோள் சுளுக்கிக் கெடக்கு ஏட்டையா.”

“பைய சுடு. அவசரப்படாத.”

3

சுட வேண்டிய குறி அட்டைகளில் மூன்றாவது அவருக்கு, நான்காவது எனக்கு. நம்பர் பலகைகள் மழையில் அழிந்துபோனதால் வலது ஓரத்திலிருந்து எண்ணச் சொன்னார்கள். வலது கண் இல்லாமல் குப்புறப் படுத்தால் அந்த ஓரம் மூக்குக்கு அப்பால் மறைந்துவிடும். முதல் அட்டை அவர் கண்ணில் படவே இல்லை; இரண்டாவதை ஒன்று என்று எண்ணிவிட்டார். (இது நான் பிறகு வீட்டில் தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் கண்டுபிடித்தது.)

மூன்றில் ஒரு துளைகூட இல்லை. நான்கில் ஐந்து, உள்ளங்கைக்குள் அடங்கும்.

அப்படியானால் நான் சுட்டது எங்கே?

(அடிக்குறிப்பு: எனக்கு இரண்டு கண்ணும் நல்ல கண். விசையை இழுக்கும்போது பயத்தில் இரண்டையும் மூடிக்கொள்வேன். என் குண்டுகள் எந்த வருஷமும் அட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குத்தான் போகும்.)

ஏட்டையா என் முதுகில் தட்டினார். தில்லைநாயகம் நான்காம் அட்டையைப் பார்த்தார், பிறகு என்னை. அவை தன் குண்டுகள் என்று சொன்னால், எண்ணத் தெரியாதா என்று கேட்பார்கள். கண் அம்பலமாகிவிடும்.

“நல்லா சுட்டிருக்கீரு வே,” என்றார்.

“சும்மா பட்டுட்டு வே,” என்றேன்.

நான் உண்மையைச் சொன்னால் அவருக்குத்தான் ஆபத்து என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தன் அட்டையில் ஒரு குண்டும் படாததால் மறுவாரமே அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஒற்றைக் கண்ணோடும் சுட முடியும் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த அட்டை. அதில் என் பெயரை எழுதி, முதல் பரிசுத் தூக்குவாளியையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு அ: தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் கண் கலங்கி…

(சினிமா.)

முடிவு ஆ: விஷயம் கேள்விப்பட்டு ஏரலிலிருந்து கோமு…

(வரவில்லை.)

முடிவு இ: முடிவே இல்லை. தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தினமும் காலை எட்டேகால் பஸ்ஸில் சேரன்மகாதேவியிலிருந்து டவுணுக்கு வருகிறார். யாரோடும் பேசுவதில்லை. வழியில் ஏறும் நானும் அதே பஸ்தான், கையில் தூக்குவாளியோடு.

வாசகரே, என்னால் ஆகவில்லை, நீங்கள் முடித்துவையுங்கள். அந்த பஸ்ஸில் ஏறினால், அந்த ஐந்தும் அவர் குண்டுதான் என்று இன்னொருவனுக்கும் தெரியும் என அவரிடம் சொல்லுங்கள். இடது பக்கமாகப் போய் நில்லுங்கள். வலது பக்கம் யார் நின்றாலும் அவருக்குத் தெரியாது.

நான்கு வருஷமாக நான் அங்கேதான் நிற்கிறேன்.