கஜனி பதியப் போன நாள்

ஸக்கியாவின் துணிக்கடையில் மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரம். நெடுங்கேணிச் சந்தைக்கு வந்த சனமெல்லாம் பஸ் பிடித்துப் போய்விட்டது. வெயிலுக்குப் பயந்து நாய்கூடத் தெருவைக் கடக்கவில்லை. விமலேஸ்வரி வந்து, சாரங்கள் அடுக்கிய அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். கடைக்குள் அந்த மூலையில்தான் போனுக்குச் சிக்னல் ஒழுங்காக நிற்கும். அவளுடைய வீடு காட்டுக்கரையில். அங்கே மகள் சொல்வதில் பாதி வரும், பாதி வராது. கஜனி நோர்வேக்குப் படிக்கப் போன நாளிலிருந்து அந்தக் கதிரையில் வேறு யாரும் இருந்ததில்லை. இருக்க ஸக்கியா விட்டதுமில்லை.

"சாப்பிட்டனீங்களே விமலாக்கா?"

"இறங்குதில்லை."

"இறங்காட்டித் தேத்தண்ணியாவது குடியுங்கோ. பிள்ளை பொலிசுக்குத்தானே போகுது, சண்டைக்கே போகுது?"

வேறு நாளென்றால் விமலேஸ்வரி பதிலுக்கு ஏதாவது சொல்லி ஸக்கியாவை மடக்கியிருப்பாள். இன்றைக்கு மடியில் வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டுப் படிப்பென்றால் போய் இறங்கின மறுநாளே புத்தகமும் கையுமாக வகுப்பில் குந்திவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எங்கே! போன பிறகுதான் அலைச்சலே ஆரம்பம். முதலில் கம்பஸில் பெயர் கொடுத்து, படம் பிடித்து, ஒரு அட்டை. பிறகு சயரோகம் இல்லையென்று காட்ட நெஞ்சுப் படம். "எங்கட ஆஸ்பத்திரியில எடுத்தது காணாதாமோ அவைக்கு?" என்று விமலேஸ்வரி அன்றைக்கு நொடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பொலிஸ். அங்கே போய் விரல் அடையாளம் கொடுத்துப் பதிந்தால்தான் இருக்க அனுமதிக்கிற அட்டை வரும். அந்த அட்டை இல்லாமல் வங்கிக்காரன் கணக்குத் திறக்கமாட்டான், கணக்கு இல்லாமல் உதவித்தொகை வராது. கிளிநொச்சி விவசாய பீடத்தில் கண் முழித்துப் படித்து வாங்கின உதவித்தொகை. கஜனி இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல விமலேஸ்வரி "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டு வந்தவள், பொலிஸில் பதியவேணும் என்ற இடத்தில் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

பதியப் போவதென்ற கதையை இந்தப் பக்கத்தில் யாரும் சும்மா காதில் வாங்குவதில்லை. பதியப் போகிறவர் தனியே போவதுமில்லை. கூட ஒரு ஆள் போகும். அந்த ஆள் உள்ளே வராது, ஒன்றும் கதைக்காது, வெளியே நிழலில் நின்றுகொண்டிருக்கும். இன்னார் உள்ளே போனதைக் கண்ணால் கண்ட ஒருவர் இருக்கவேண்டும், அவ்வளவுதான். காணி அலுவலுக்குப் போகிற வயதானவர்கள்கூடத் துணைக்கு ஆள் தேடித்தான் வெளிக்கிடுவார்கள். பார்க்கிற வெளியாருக்குச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

விமலேஸ்வரியும் ஒருமுறை அப்படி நின்றவள்தான். சண்டை முடிந்த கிழமை அது. மூத்தவன் திலீபனுக்கு அப்போது பத்தொன்பது வயது. இயக்கத்தில் நாலு மாதம் இருந்தவன். ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பெயரைப் பதியுங்கள், பதிந்துவிட்டு வீட்டாரோடு போகலாம் என்று ஆமிக்காரரின் ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. போய்ப் பதிந்துவிட்டு வா என்று அவளும் சொன்னாள். "பதிஞ்சிட்டு வாறன் அம்மா, எங்கயும் போயிடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றான். பிறகு பஸ்ஸில் ஏறினான். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். எட்டு வயதுக் கஜனி தாகத்தில் மயங்கிக் காலடியில் சரிந்தாள். குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை விசாரணை, எத்தனை மேசை. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பஸ்ஸின் நம்பர் என்ன? ஏற்றினவரின் பெயர் என்ன? "கண்டனான் ஐயா, ரெண்டு கண்ணாலயும் கண்டனான், நம்பர்தான் பாக்கேல்லை" என்று அவளும் எல்லா இடத்திலும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். கணவர் பரமலிங்கம் மகனைக் கேட்டபடியே செட்டிகுளம் முகாமில் கண்ணை மூடினார். ஒரு நம்பரைப் பார்க்கத் தெரியாத தாய் என்று விமலேஸ்வரி தன்னைத் தானே திட்டாத நாள் கிடையாது.

இதனால்தான் போன கிழமை ஒரு பிழை நடந்தது. பொலிஸில் தந்த நாளுக்குக் கஜனி போயிருக்கிறாள். வாசலில் நின்று அம்மாவுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவோம் என்று போன் எடுத்தாள். இங்கே விமலேஸ்வரி குழறத் தொடங்கிவிட்டாள். "தனியப் போகாத பிள்ளை! ஆரையும் கூட்டிக்கொண்டு போ, இல்லாட்டிப் போகாத!" நோர்வேயில் யாரை அவள் கூட்டிக்கொண்டு போவாள்? வந்து ஒரு மாதம் ஆகவில்லை. தாய் அழுத அழுகையில் பிள்ளை அப்படியே திரும்பி அறைக்குப் போய்விட்டது. மறுநாள் கம்பஸில் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கிற பெண் கூப்பிட்டு, புது நாள் ஒன்று எடுத்துக்கொடுத்து, இதையும் தவறவிட்டால் விசாவில் கைவைப்பார்கள், திரும்பிப் போகத்தான் வேண்டிவரும் என்று சொல்லிவிட்டாளாம்.

அதைக் கேட்டபோது விமலேஸ்வரியின் மனதுக்குள் ஒரு மூலை, வரட்டுமே, திரும்பி வரட்டுமே என்றது. ஒரு மாதமாக அவள் உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு நாய்க்கு வைக்கிறாள். கஜனி கழற்றிப் போட்டுவிட்டுப் போன வீட்டுச் சட்டையைத் துவைக்க மனமில்லாமல் கொடியில் அப்படியே விட்டிருக்கிறாள். பிள்ளை வந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் இப்படியும் ஒரு தாய் நினைப்பாளா? பிள்ளையின் படிப்பில் மண் விழட்டும் என்று? சீ, என்று தன்னையே ஏசிவிட்டு, இன்றைக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

போன் அடித்தது. திரையில் கஜனியின் முகம், மூக்கு நுனி சிவந்து.

"அம்மா, வந்திட்டன். இண்டைக்கு நீங்கள்தான் எனக்குத் துணைக்கு வந்த ஆள். வடிவாப் பாருங்கோ."

"கட்டடத்தைக் காட்டு."

செங்கல் சுவர், கண்ணாடிக் கதவு, பக்கத்தில் வரிசையாகச் சைக்கிள்கள். விமலேஸ்வரி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "போர்டில என்ன எழுதியிருக்கு? வாசி." கஜனி வாசித்தாள். "இன்னொருக்கா." இன்னொருமுறை வாசித்தாள். ஒரு எழுத்தும் விளங்காவிட்டாலும் விமலேஸ்வரி உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

"என்ன நிறத்தில உடுப்பு?"

"உங்களுக்குத் தெரியுதுதானே அம்மா?"

"உன்ர வாயால சொல்லு."

"மஞ்சள் ஜக்கெற். கையில நீங்கள் தந்துவிட்ட ஃபைல். உள்ளுக்க போன் பாவிக்கேலாதாம், இந்த வாசலில நிப்பாட்டுறன். பயப்பிடாதையுங்கோ, என்ன?"

"முடிஞ்ச உடன எடு. வாசலுக்கு வந்த உடன."

"ஓம் அம்மா."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கறுத்துப்போன திரையில் விமலேஸ்வரியின் முகம்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி கேட்டு ஒரு பெண் வந்தாள். "பிறகு வாங்கோ மகள், இப்ப ஒரு அலுவல்" என்று ஸக்கியா அவளை அனுப்பிவிட்டாள். வந்த வியாபாரத்தை ஸக்கியா திருப்பி அனுப்பி யாரும் கண்டதில்லை. அவள் வந்து விமலேஸ்வரியின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தாள். இடம்பெயர்ந்து, எத்தனையோ ஊரில் எத்தனையோ அட்டைக்கு வரிசையில் நின்று திரும்பி வந்தவள் அவளும்.

"நானும் கண்டனான் அக்கா" என்றாள். "மஞ்சள் ஜக்கெற். கண்ணாடிக் கதவு. ஆர் கேட்டாலும் நான் வந்து சொல்லுவன்."

விமலேஸ்வரி அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். மின்விசிறி சுழன்றும் இரண்டு பேருக்கும் வேர்த்தது. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. உள்ளே கூப்பிட்டிருப்பார்களோ, ஏன் எதற்கு என்று கேட்பார்களோ, அண்ணனைப் பற்றிக் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? போகச் சொன்னதே தான்தானே. இந்த முறையும் தன் வாயாலேயே போகச் சொல்லியாயிற்றே!

போன் அடித்தபோது ஸக்கியாதான் அமத்திக் கொடுத்தாள்.

"அம்மா! முடிஞ்சுது!" கஜனி சிரித்தாள். "ஐஞ்சு நிமிசம்கூட இல்லை. நான் அங்க கதிரையில இருந்ததுதான் கூட நேரம். நீங்கள் தந்த ஃபைல் முழுக்க மேசையில பரப்பி வச்சன். கிராம சேவகரின்ர கடிதம், முகாம் அட்டை, குடும்பப் படம் எல்லாம். அந்தப் பொம்பிளை பாத்திட்டுச் சிரிச்சா. பாஸ்போட் மட்டும் காணுமாம். விரலை ஒரு கண்ணாடியில வைக்கச் சொன்னா, படம் எடுத்தா, நல்லாப் படி எண்டு சொன்னா. அவ்வளவுதான்."

"பாஸ்போட் எங்க?"

"இந்தா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஸக்கியா கையை உயர்த்தினாள். "இனியாவது உங்கட அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கோ மகள். என்ர உயிரை எடுத்துப்போட்டா இண்டைக்கு."

கஜனி கலகலவென்று கதைத்தாள். அட்டை தபாலில் வருமாம். தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேணுமாம், இல்லாவிட்டால் தபால்காரன் போடாமல் போய்விடுவானாம், இப்போதே போய் ஒட்டப் போகிறாளாம். விமலேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது உண்மைதான். சந்தோசம்தான், கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோசத்துக்குள்ளேயே திலீபன் வந்து நின்றான். ஐஞ்சு நிமிசம். உள்ளே போய், விரலை வைத்து, பெயரைச் சொல்லி, வெளியே வருவது. உலகத்தில் பதிவென்றால் இவ்வளவுதானா? இவ்வளவுதான் என்றால் என்ர பிள்ளைக்கு மட்டும் ஏன்?

"பிள்ளை" என்றாள். "போன கதவாலதான் திரும்பி வந்தனியோ?"

"ஓம் அம்மா. அதே கதவுதான். ஏன்?"

"அதை ஒருக்காக் காட்டு."

"குளிருதம்மா."

"கொஞ்ச நேரம்."

கஜனி போனைத் திருப்பிப் பிடித்தாள். கண்ணாடிக் கதவு மூடிக் கிடந்தது. பிறகு திறந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். மூடியது. திறந்தது. தலையில் துணி கட்டின ஒரு கிழவரும் மனைவியும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"வைக்கட்டோ அம்மா?"

"இன்னும் கொஞ்சம் பிடி பிள்ளை."

கஜனி மற்றக் கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். குளிரில் படம் ஆடியது, ஆனாலும் அவள் கதவை விட்டு விலக்கவில்லை. ஸக்கியா நிலத்திலிருந்து முழங்காலில் எழும்பி, விமலேஸ்வரியின் தோளோடு ஒட்டி நின்று பார்த்தாள். கதவு மறுபடி திறந்தது. மெலிந்த பெடியன் ஒருவன் கைவிரலைச் சட்டையில் துடைத்தபடி வெளியே வந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தனக்காக யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான்.