போட்டும் போடாத ஊசி

ஞானசேகரன் பூஸ்டர் ஊசி போட்டுக்கொண்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய இரண்டு வருஷமாக அவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

நீலசந்திராவில் அவர் குடியிருந்த சந்துக்கே அவர் கதை தெரியும். கொரோனா வருவதற்கு முந்தின வருஷம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. மனைவி வேதநாயகி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்தது ஒட்டிக்கொள்ள அவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கும். "கூட்டத்துப் பக்கமே விடாதீங்க" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வேதநாயகி பால்காரரைக்கூட கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தே அவர் இளைத்துப்போனார்.

ஜனவரியில் மறுபடி கொரோனா பரவியது. அறுபது தாண்டிய நோயாளிகளுக்கு மூன்றாவது ஊசி என்று அரசாங்கம் அறிவித்தது. அரசு சுகாதார மையத்தில் வரிசை ரோடு வரை நின்றது. பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜாய்சன் வந்தான். நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன், தெருச் சங்கத்தின் செயலாளர், யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக ஓடுகிறவன்.

"ஆன்ட்டி, நம்ம சங்க ஹால்லயே கேம்ப் வெக்கறோம். பெரிய ஆஸ்பத்திரி டீம். அங்கிள் கியூல நிக்கவே வேணாம். எங்கப்பாவுக்கும் அங்கதான் போடறோம்."

வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, மேஜைமேல் ஐஸ் பெட்டி, பின்னால் பேனர். கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆதார் பார்த்துவிட்டுக் குத்தி அனுப்பினார்கள். "மெசேஜ் சாயங்காலம் வரும், சர்வர் டவுன்" என்றார்கள். சாயங்காலமும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

சர்ச்சில் அவர் தொண்டை திறந்து பாடியதைப் பார்த்தபோது வேதநாயகிக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. முதல் இரண்டு ஊசிக்கும் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்துவிட்டதே. அடுத்த வீட்டு ஃபாத்திமாவைக் கேட்டாள். அவள் மாமியாருக்கும் வரவில்லையாம்.

திங்கட்கிழமை காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரசு மையத்துக்குப் போனாள். நர்ஸ் ஃபோன் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எரடே டோஸ், ரெண்டே ரெண்டுதான் இருக்கும்மா. நீலசந்திராவுல யாருக்கும் கேம்ப் பர்மிஷன் கொடுக்கல. பாட்டிலைக் காமிச்சாங்களா? போட்டுட்டு அரை மணி நேரம் உக்கார வெச்சாங்களா?"

வேதநாயகி இல்லையென்று தலையசைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உள்ளே போனது என்னம்மா அப்போ?"

நர்ஸ் உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்தாள். ஊசி சுத்தமானதா என்றே தெரியாததால், ரத்தப் பரிசோதனை இப்போது ஒன்று, சில வாரம் கழித்து ஒன்று செய்தாக வேண்டும் என்றார் அவர்.

வீட்டில் ஞானசேகரன் அடுத்த வாரம் ஜோகுபாளையத்தில் தன் நண்பரைப் பார்க்கப் போவதைப் பற்றி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை வேதநாயகி நின்றாள். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் கை தானாக அடிவயிற்றின் தழும்பின்மேல் போனது.

"நீ கொடுத்தது, வேதா. அதுக்கு எதாவது ஆயிடுமா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. எனக்கு அதுதான்."

அன்று சாயங்காலமே இருவரும் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு ஜாய்சன் வீட்டுக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. உள்ளறையில் அவன் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஏமாந்துட்டேன் ஆன்ட்டி. வெளியே தெரிஞ்சா நானே கமிஷன் வாங்கினேன்னு சொல்வாங்க. ரகசியமா எல்லாருக்கும் வேற எடத்துல போட்டுடலாம்."

"ரகசியமா எப்படிப்பா போடறது? ஊசி போட்டாச்சுங்கற தைரியத்துல இன்னிக்கு எல்லாரும் வெளியே சுத்தறாங்க. இவர் நேத்து சர்ச்சுக்குப் போயிட்டு வந்தார். உங்கப்பா?"

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாரு" என்றான் ஜாய்சன் மெதுவாக.

இரவு கவிவதற்குள் மூன்று பேரும் வாசலில் நின்றபடியே வீடு வீடாகச் சொல்லி முடித்தார்கள். சிலர் ஜாய்சனைத் திட்டினார்கள். ஒருவர் கதவையே சாத்திக்கொண்டார். ஃபாத்திமா மட்டும் பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "போலீசுக்கு நானும் வர்றேன்" என்றாள். ஜாய்சனிடம் முகாம் அன்று எடுத்த படங்கள் இருந்தன. தன் பெயரையே முதலில் எழுதிப் புகார் கொடுத்தான்.

அந்த ஆட்கள் இருவரும் பிறகு வேறொரு பேட்டையில் கடை விரித்தபோது பிடிபட்டார்கள். பாட்டிலில் இருந்தது உப்புத் தண்ணீர் என்று போலீசார் சொன்னார்கள். ஞானசேகரனின் ரத்தப் பரிசோதனை இரண்டு முறையும் சுத்தமாக வந்தது. அரசு மையத்தில் நர்ஸ் பாட்டிலைக் காட்டி, தேதியைப் படித்துச் சொல்லிவிட்டு நிஜ ஊசியைப் போட்டாள். படி இறங்குவதற்குள் வேதநாயகியின் கைப்பையில் இருந்த ஃபோனில் மெசேஜ் வந்து விழுந்தது.

ஜாய்சனின் அப்பாவுக்கு நிஜ ஊசிக்கு நேரம் கிடைக்கவில்லை. புகார் கொடுத்த மூன்றாம் நாள் கொரோனாக் காய்ச்சல் கண்டது. மாதக் கடைசியில் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நிஜ ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து ஜாய்சன் தெருவிலுள்ள வயசானவர்களை ஒவ்வொருவராகத் தன் ஸ்கூட்டரில் அரசு மையத்துக்கு ஏற்றிப் போனான். ஒருநாள் ஃபாத்திமாவின் மாமியாரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேதநாயகியைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"ஆன்ட்டி, எனக்கு அன்னிக்கே சந்தேகம் வந்திருக்கணும், இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை என்ற வார்த்தை அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லவில்லை.

"எனக்கும்தான் வந்திருக்கணும். இவர் கையைப் பிடிச்சு நான்தானே கூட்டிட்டுப் போனேன்" என்றாள். "உள்ளே வா. சாப்பிட்டியா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டாள்.