சற்று

வானொலிக்கு வானிலை அறிக்கை எழுதுபவர் ‘சற்று’ என்ற சொல்லை எழுதிய நாளிலெல்லாம் அவர் வீட்டுக்குள் கடல் ஒரு நூலளவு ஏறியது. வீடு இருந்ததோ மூன்றாவது மாடியில். அதற்குக் கீழே குடியிருந்த பல் மருத்துவரின் கூரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேலே நண்டு நடக்கிற சத்தத்தில்தான் தூக்கம் கெடுகிறது என்று மட்டும் அவர் குறைபட்டுக்கொள்வார். முதல் வருஷம் தரை பிசுபிசுத்தது. நான்காம் வருஷம் கணுக்கால் நனைந்தது. மனைவி ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்” என்று சொல்லிவிட்டு, மாவு டின்னைப் பரணில் ஏற்றினாள். ஒன்பதாம் வருஷம் தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

அந்தச் சொல்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். மேலிடத்திலிருந்து வரும் தாள்களில் எண்கள் இருக்கும்: நூறு வருஷத்தில் காணாத வெயில், ஏறிய பின் இறங்கவே இறங்காத கடல். அப்படியே எழுதினால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்பார் செய்தி ஆசிரியர். ஆகவே வெயில் இயல்பை விடச் சற்று அதிகம். கடல்மட்டம் சற்று உயர்வு. யாரும் வாயால் பேசாத சொல் அது. பால்காரரிடம் கொஞ்சம் கூட ஊத்துங்க என்பார்களே தவிர, சற்று கூட ஊத்துங்க என்று யார் கேட்டார்கள்? வாயில் புழங்காத சொல் யாரையும் சுடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அதைவிடத் தோதான சொல் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு அர்த்தம் கேட்டவள் ஒருத்திதான், அவருடைய அக்கா. தையல்காரரான கணவரோடு கடலோரத் தெருவில் இருந்தாள். ஒரு மத்தியானம் வானிலை கேட்ட கையோடு போன் செய்தாள்.

“சற்றுன்னா எவ்வளவுடா தம்பி? கட்டிலைத் தூக்கி வெச்சாப் போதுமா, இல்ல வீட்டையே விட்டுடணுமா?”

எண் மேஜைமேல்தான் கிடந்தது. ஓர் ஆள் உயரம்.

“நாலு செங்கல் வெச்சாப் போதும்க்கா” என்றார். வாய் அப்படிப் பழகிவிட்டது.

மறுநாள் கடல் அந்தத் தெருவுக்குள் வந்தது. அக்கா பக்கத்து மாடிக்கு ஓடிவிட்டாள். மாமா மட்டும், செங்கல்மேல் ஏற்றி வைத்த தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார். நாலு செங்கல் போதும் என்று மச்சான் சொல்லியிருக்கிறாரே என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொன்னது. எழுதியவருக்குத் தெரியும், மாமாவைக் கொண்டுபோனது கடல் மட்டுமல்ல.

ஒரு வாரம் கழித்து அக்கா உடுத்திய துணியோடு வந்தாள். முழங்கால் தண்ணீரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நடந்து வந்து, “உன் பேச்சுல சற்று இருந்துச்சுடா, சத்து இல்ல” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவர் இன்றும் நினைக்கிறார்.

மறுநாள் அறிக்கையில் அவர் எண்ணை எழுதினார். அதன் கீழே, “கட்டிலைத் தூக்கி வைத்தால் போதாது, கிளம்புங்கள்” என்று எழுதினார். ஒரு சொல்தானே, சேர்த்துவிடுங்களேன் என்று ஆசிரியர் கெஞ்சினார். அவர் சேர்க்கவில்லை. அன்று மாலைக்குள் தாழ்வான மூன்று தெருக்கள் காலியாயின. வீட்டில் தண்ணீர் ஒரு நூல்கூட ஏறவில்லை. ஏறியது இறங்கவும் இல்லை, எழுதியது எழுதியதுதானே.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைகிறார்கள். பல் மருத்துவருக்கும் நண்டுச் சத்தம் பழகிவிட்டது. அக்கா வந்த முதல் நாளே அவளுடைய கட்டிலுக்கு அடியில், காலுக்கு நாலு செங்கல் என்று அவர் தன் கையாலேயே அடுக்கினார்.

“போதுமாக்கா?”

“போதாது” என்றாள்.

இன்னும் நாலு வைத்தார்.