சந்து கடைசி வீட்டுக் குப்பை

“ரெண்டு பிள்ளைங்களும் வெளியே வந்தாச்சு. போதும்யா, இப்படி உட்காரு,” என்றாள் வெர்னா. குப்பை லாரியை ஓட்டுகிறவள் அவள். பின்னால் தொற்றிக்கொண்டு போய்த் தொட்டிகளைக் கவிழ்க்கிறவர் ரோலி.

ரோலி உட்காரவில்லை. பனியில் கம்பளிக்குள் சுருண்டு, பேச முடியாமல் இருமிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சற்றுமுன் அவர்தான் எரிகிற கடைசி வீட்டின் சன்னல் வழியாக இறக்கியிருந்தார். சுப்பீரியர் ஏரிக் காற்று தீயைக் கூரைக்கு ஏற்றிவிட்டது. தீயணைப்பு வண்டியைக் காணோம்.

“உள்ளே வேற யாராவது?” என்று கேட்டார்.

“யாருமில்லப்பா,” என்றார் எதிர்வீட்டு டூமினன். “அம்மாக்காரி இப்பத்தான் காரை எடுத்துட்டுப் போனா. பிள்ளைங்க ரெண்டே ரெண்டுதான். ஆறு வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?”

ரோலியின் கண் தெருவோரம் நின்ற அந்த வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. இந்தப் பிள்ளைகளில் சின்னதற்கே ஏழு வயது.

“வெர்னா, கைக்குழந்தை ஒண்ணு இருக்கு. ரெண்டு வாரமா தொட்டியில டயப்பர் விழுது.”

“விருந்தாளி யாராவது வந்துட்டுப் போயிருப்பாங்க.”

“போயிருந்தா நல்லதுதான்.”

“வெறும் வீட்டுக்குள்ள போய்ச் சாகப்போறியா, கிறுக்கா?”

முதல் தடவை ரோலிக்கு யோசிக்க நேரமில்லை. இப்போது இருந்தது, பயமும் இருந்தது. தொப்பியில் பனியை அள்ளி மூக்கோடு அழுத்திக்கொண்டு சன்னலில் ஏறினார்.

கடைசி அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துணிக்கூடை. அதற்குள் குழந்தை. அழவில்லை. வெளிக்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் வீறிட்டது.

“இது யார் பிள்ளை?” என்றார் டூமினன்.

கார் வந்து நின்றது. பிள்ளைகளின் அம்மாவோடு இறங்கி ஓடிவந்த அவள் தங்கை, தன் குழந்தையைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள்.

“எப்படிங்க தெரிஞ்சுது? நாங்க இங்க இருக்கறது யாருக்குமே தெரியாதே!”

வெர்னா வாயைத் திறப்பதற்குள் ரோலி முந்திக்கொண்டார். “அழற சத்தம் கேட்டுச்சும்மா.”

ஆம்புலன்ஸ்காரர் ரோலியின் தீப்பட்ட கைக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனதும் வெர்னா பிடித்துக்கொண்டாள். “அழுதுச்சாம்! புளுகு மூட்டை.”

“தொட்டியில பார்த்ததை வெளியே சொல்றதில்ல. முப்பது வருஷமா அப்படித்தானே?”

“இதையுமா?”

“இனிமே அவ எதைப் போட்டாலும், நான் பார்ப்பேன்னு நினைச்சுக்கிட்டே போடணுமா?”

ரோலி நடந்துபோய் ஒற்றைக் கையால் அந்தத் தொட்டியை இழுத்தார். அது பனியில் கோணலாகச் சறுக்கிக்கொண்டு போயிற்று.

“தள்ளுய்யா,” என்று சொல்லி வெர்னா மறுபக்கம் பிடித்தாள்.